குட்டையைத் தூர்த்துவிட்டார்கள், இனி என்ன? ஈரநில ஈஸ்மென்ட் கண்காணிப்புக்குப் புதிதாக வருபவர்களுக்கு

சுற்றுச்சூழல் சட்டமோ வனவிலங்கு அறிவியலோ படித்துவிட்டு, அமெரிக்காவின் வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா, மினசோட்டா, மொன்டானா பக்கம் ஈரநிலப் பாதுகாப்பு வேலைக்குப் போகிறவர்கள் நம்மவர்களிலும் இருக்கிறார்கள். பறவை பார்க்கும் வேலை என்று நம்பிப் போகிறவர் கையில் முதல் நாளே பழைய பத்திரக் கட்டைத் தூக்கிக் கொடுப்பார்கள். அந்தக் கட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடம். பன்னிரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பனிப்பாறைகள் பின்வாங்கியபோது அந்தச் சமவெளியில் லட்சக்கணக்கான பள்ளங்கள் விழுந்தன. பனி உருகும் காலத்தில் அவை குட்டைகளாகின்றன. கால் ஏக்கர் குட்டையும் உண்டு, ஏரி அளவு குட்டையும் உண்டு. வட அமெரிக்க வாத்துகளில் ஏறத்தாழ பாதியும், சில ஆண்டுகளில் அதற்கு மேலும், இந்தக் குட்டைகளை நம்பித்தான் குஞ்சு பொரிக்கின்றன. நிலமோ பெரும்பாலும் தனியார் விவசாயிகளுடையது. அரசு அத்தனை நிலத்தையும் விலைக்கு வாங்க முடியாது. எனவே ஓர் உரிமையை மட்டும் வாங்குகிறது: குட்டையில் நீரை வடிக்கவும், மண் போட்டுத் தூர்க்கவும், சமப்படுத்தவும், அதன் புல் பூண்டுகளை எரிக்கவும் விவசாயிக்கு இருந்த உரிமை. அதற்கு ஒரே தடவை பணம். நிலம் அவர் பெயரிலேயே இருக்கும், வரியும் அவரே கட்டுவார், பொதுமக்களில் யாரை உள்ளே விடுவது என்பதும் அவர் விருப்பம். ஆனால் விற்ற உரிமை திரும்பி வராது. மகனுக்கு எழுதி வைத்தாலும், பேரன் ஏலத்தில் விற்றாலும் நிலத்தோடு சேர்ந்தே போகும். நம் ஊர்ப் பத்திரப் பதிவு அலுவலகத்து மொழியில் சொன்னால், என்றைக்கும் தீராத வில்லங்கம். இதைத்தான் ஈஸ்மென்ட் என்கிறார்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், விவசாயிகள் கேட்பார்கள். 1934-ல் வந்த ஒரு சட்டப்படி நீர்ப்பறவை வேட்டைக்காரர்கள் ஆண்டுதோறும் 'வாத்து முத்திரை' ஒன்றை வாங்க வேண்டும். அன்று ஒரு டாலர், இன்று 25 டாலர். 1958-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, சிறு குட்டைகளைக் காக்கவும் அந்தப் பணத்தைச் செலவிடலாம் என்றார்கள். 1961-ல் இந்த நிதிக்கு அரசு வட்டியில்லாக் கடனும் கொடுத்தபின் வேலை வேகம் பிடித்தது. வாத்தைச் சுடுகிறவன் காசில்தான் வாத்துக் குட்டை வாழ்கிறது. இதில் முரண்பாடு தெரிந்தால் சில மாதங்கள் பொறுங்கள், பழகிவிடும்.

பத்திரத்தைப் படியுங்கள், முழுவதும்

கூட்டாட்சி மீன், வனவிலங்குத் துறையின் ஈரநில ஈஸ்மென்ட் ஒரு பக்கம், இரண்டு பக்கம்தான் இருக்கும். ஆனால் அதில் எது தடை, எது தடையில்லை என்பதில்தான் புதியவர்கள் இடறுகிறார்கள்.

ஈரநில ஈஸ்மென்ட் குட்டையை மட்டுமே கட்டுப்படுத்துகிறது, சுற்றியுள்ள மேட்டு நிலத்தை அல்ல. மேட்டில் அவர் எதையும் பயிரிடலாம். குட்டையேகூட வெயிலில் தானாக வற்றினால் உழலாம், விதைக்கலாம், புல் அறுக்கலாம், மாடு மேய்க்கலாம். டிராக்டர் குட்டைக்குள் நின்றால் உடனே மீறல் என்று எழுதிவிடாதீர்கள். நீர் தானாக வற்றியதா, வற்ற வைக்கப்பட்டதா என்பதுதான் கேள்வி.

புல்வெளி ஈஸ்மென்ட் வேறு ஜாதி. அங்கே உழவே கூடாது. மேய்ச்சலுக்குத் தடையில்லை. புல் அறுப்பதும் விதை எடுப்பதும் ஜூலை 15-க்குப் பிறகுதான், ஏனென்றால் அதற்குள் பெரும்பாலான கூடுகள் பொரித்துவிடும். ஒரே நிலத்தில் இரண்டு ஈஸ்மென்ட்களும் இருக்கலாம். எந்தக் கால் செக்ஷனுக்கு எது என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கால் செக்ஷன் என்பது 160 ஏக்கர். அங்கே சர்வே எண் இல்லை. செக்ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச் என்று கட்டம் கட்டமாகத்தான் நிலத்தைச் சொல்வார்கள்.

பத்திரத்தின் தேதியைப் பாருங்கள். 1976-க்குப் பிந்தையது என்றால் குட்டைகளைக் காட்டும் வரைபடம் இணைந்திருக்கும். அதற்கு முந்தையது என்றால் நிலத்தின் விவரமும், இதில் இத்தனை ஏக்கர் ஈரநிலம் என்று சுருக்கக் குறிப்பில் ஓர் எண்ணும்தான் இருக்கும். எந்தக் குட்டை என்று இருக்காது. இந்த ஓட்டையை வைத்தே பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. நிலத்தில் உள்ள எல்லாக் குட்டைகளும் காப்புக்குள் வரும் என்று அரசு வாதாடியது. 1996-ல் எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, சுருக்கத்தில் குறித்த ஏக்கர் அளவுக்குத்தான் ஈஸ்மென்ட் என்றது. அதனால்தான் பழைய ஈஸ்மென்ட்களுக்குப் பின்னால் வரைபடம் வரைந்தார்கள். கையில் இருப்பது பத்திரத்தோடு வந்த வரைபடமா, பின்னால் வரைந்து உரிமையாளருக்கு அனுப்பியதா என்பது தெரியாமல் களத்துக்குப் போகாதீர்கள். விவசாயியின் வழக்கறிஞர் முதலில் கேட்பது அதைத்தான். தேசிய ஈரநில இருப்புப் பட்டியல் இணையத்தில் அழகாகக் கிடைக்கிறது. அது ஈஸ்மென்ட் வரைபடம் அல்ல, அதை நீட்டி வாதாட வேண்டாம்.

புது உரிமையாளருக்குக் கடிதம்

சலிப்பான வேலை. எல்லாவற்றையும்விட முக்கியமானதும் இதுதான் என்பேன். ஈஸ்மென்டுக்குக் கையெழுத்துப் போட்டவர் 1965-ல் போட்டிருப்பார். இப்போது உழுபவர் வாங்கியவரிடமிருந்து வாங்கியவராக இருக்கலாம், குத்தகைக்காரராகவும் இருக்கலாம். பதிவு அலுவலகத்தில் எல்லாம் இருக்கிறது என்பது உண்மை. யார் போய்ப் பார்க்கிறார்கள்?

1987-ல் இதே எட்டாவது வட்டார நீதிமன்றம் ஒரு மாவட்ட நீர்வள வாரியத்தின் உறுப்பினர்கள் மீதான குற்றத் தீர்ப்பை உறுதி செய்தது. ஈஸ்மென்ட் நிலத்தின் வழியே வாய்க்கால் வெட்டிய வழக்கு அது. அடையாளம் காட்டக்கூடிய ஈரநிலம் சேதமானதையும், அந்த நிலத்தில் கூட்டாட்சி ஈஸ்மென்ட் இருப்பது குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தெரியும் என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்பது அதன் சாரம். இரண்டாவதை எப்படி நிரூபிப்பீர்கள்? பதிவுத் தபாலில் போன கடிதத்தால்தான். ஆண்டுக்கு ஒரு தடவையாவது மாவட்டப் பதிவுகளைப் பார்த்து, கைமாறிய நிலங்களைப் பிரித்தெடுத்து, வரைபடத்தோடு கடிதம் அனுப்புங்கள். மிரட்டல் தொனி வேண்டாம். 'உங்கள் நிலத்தில் இப்படி ஒரு ஈஸ்மென்ட் இருக்கிறது, இவை குட்டைகள், வடிகால் வேலை எதுவும் செய்வதாக இருந்தால் முன்னால் எங்களிடம் கேளுங்கள்' என்றால் போதும். பல மீறல்கள் இங்கேயே நின்றுவிடுகின்றன.

பழைய படங்களைச் சேருங்கள்

ஒரு குட்டை 'இருந்தது' என்று காட்ட வேண்டியவர் நீங்கள். அமெரிக்க வேளாண் துறை 1930-களின் இறுதியிலிருந்தே விமானப் படங்கள் எடுத்து வந்திருக்கிறது. 2003 முதல் நாடு முழுவதும் விளைச்சல் காலப் படங்கள் தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன. ஒரு கால் செக்ஷனுக்கு ஈர ஆண்டு, வறண்ட ஆண்டு, நடுத்தர ஆண்டு என்று கலந்து எடுத்துக்கொள்ளுங்கள். மழை குறைந்த ஆண்டில் எந்தக் குட்டையும் காணாமல்தான் போகும். 1993-லிருந்து வடக்கு டகோட்டாவில் தொடங்கிய ஈரச் சுழற்சியில் குட்டைகள் கரை தாண்டி வயலுக்குள் ஏறின. இரண்டில் ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பேசுபவர், எந்தப் பக்கத்தவராக இருந்தாலும், பாதிக் கதைதான் சொல்கிறார்.

அரசைப் போலவே ஈஸ்மென்ட் வாங்கிக் காக்கும் தனியார் நில அறக்கட்டளையில் சேர்ந்தவர்களுக்கு இங்கே வசதி அதிகம். ஈஸ்மென்ட் எழுதும்போதே நிலத்தின் அன்றைய நிலையைப் படங்களோடு ஆவணமாக்கி, உரிமையாளரிடமும் கையெழுத்து வாங்கி வைத்திருப்பார்கள். ஆண்டுக்கு ஒரு தடவை நேரில் போய்ப் பார்ப்பதும் அவர்களுடைய வழக்கம். அந்தத் தொடக்க அறிக்கை இல்லாத கோப்பு உங்களிடம் வந்தால், மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு இன்றைய நிலையையாவது பதிவு செய்யுங்கள்.

வானத்திலிருந்து ஒரு தடவை, தரையில் ஒரு தடவை

அறுவடை முடிந்து நிலம் உறைவதற்குள் இருக்கும் சில வாரங்களில்தான் வாய்க்கால் வெட்டுவார்கள். மக்காச்சோளமும் சோயாவும் போய்விடும், எந்திரங்கள் சும்மா நிற்கும். எனவே இலையுதிர் காலத்தில் சிறு விமானத்தில் பறந்து ஈஸ்மென்ட் நிலங்களைப் பார்ப்பது மீன், வனவிலங்குத் துறையின் நீண்ட நாள் வழக்கம். மேலிருந்து புது வாய்க்கால் கறுப்புக் கோடாகத் தெரியும். மண்ணை இரு பக்கமும் விசிறியடிக்கும் சுழல் எந்திரத்தால் வெட்டியது என்றால் கோடு தெளிவாக இருக்காது, இரு பக்கமும் கறுப்புத் தூவலாக இருக்கும். நிலத்தடிக் குழாய் பதித்தது என்றால் சம இடைவெளியில் இணையான கோடுகள் தெரியும்.

விமானப் படம் சந்தேகத்துக்குத்தான். முடிவு தரையில். கூட்டாட்சி ஈஸ்மென்டில் அதிகாரிகள் உள்ளே போக உரிமை உண்டு, இருந்தாலும் போன் செய்துவிட்டுப் போவதே நல்லது. அறக்கட்டளை ஈஸ்மென்டில் பெரும்பாலும் முன்னறிவிப்பு கட்டாயம். எழுதியிருப்பதை மீறி நீங்களே வேலி தாண்டினால் பேச்சு முழுவதும் அதைப் பற்றியே போய்விடும்.

தரையில் எதைப் பார்க்க வேண்டும்? ஒரு குட்டைக்கு ஒரு வழியும் உயரம் இருக்கிறது. நீர் அந்த அளவுக்கு ஏறினால் கரையின் தாழ்ந்த இடத்தில் வழிந்துவிடும். அதற்குக் கீழே நீர் நிற்கும். வாய்க்கால் வெட்டுவது என்றால் அந்தத் தாழ்ந்த இடத்தை இன்னும் தாழ்த்துவது, அவ்வளவுதான். ஆகவே லெவல் கருவியை வைத்து மூன்று உயரங்களை அளந்தால் விஷயம் முடிந்தது: குட்டையின் அடிமட்டம், வெட்டிய வாய்க்காலின் அடிமட்டம், கை படாத கரையின் உயரம். வாய்க்கால் இல்லாத பக்கக் கரையில் மண்ணின் கறுப்பு, செடிகளின் வரிசை இரண்டும் பழைய நீர்மட்டத்தைக் காட்டிக்கொடுக்கும். நடுவில் சம்பு, அதைச் சுற்றிக் கோரை, அதற்கு வெளியே ஈரப் புல் என்று வட்டம் வட்டமாக இருக்கும். உழுதுவிட்டார்கள் என்றால் செடி இருக்காது, மண் இருக்கும்.

சாலைக்கு அடியில் போகும் குழாயை மறக்காதீர்கள். உள்ளூர் சாலைப் பணியில் குழாயை மாற்றும்போது அரை அடி இறக்கிப் பதித்துவிடுவார்கள். விவசாயி எதுவும் செய்திருக்க மாட்டார், குட்டை மட்டும் வடிந்துகொண்டிருக்கும். மோட்டார் வைத்து இறைப்பதும் வடிப்பதுதான், ஆனால் அதற்குத் தடயம் சில நாட்களில் மறைந்துவிடும். படம் எடுத்த தேதி, நேரம், நின்ற இடத்தின் ஆயத்தொலைவு, பார்த்த திசை நான்கையும் எழுதாத படம் ஆல்பத்துக்குத்தான் ஆகும்.

குழாய் பதிக்கும் காலம் இது

வாய்க்கால் கண்ணுக்குத் தெரியும். துளையுள்ள பிளாஸ்டிக் குழாயை மூன்று, நான்கு அடி ஆழத்தில் பதித்துவிட்டால் மேலே ஒன்றும் தெரியாது. குட்டைக்கு உள்ளே போகாமல் பக்கத்து மேட்டில் பதித்தாலே அது குட்டையின் அடிநீரை இழுத்துவிடும். எவ்வளவு தள்ளி என்பது மண்ணைப் பொறுத்தது. மணல் கலந்த மண்ணில் அதிக தூரம் தள்ள வேண்டும், களிமண்ணில் குறைவு. குழாயின் ஆழம், விட்டம், மண்ணின் கசிவு இவற்றை வைத்து மீன், வனவிலங்குத் துறை வான் ஷில்ஃப்கார்டே என்பவரின் சூத்திரப்படி இடைவெளியைக் கணக்கிட்டுத் தருகிறது. அந்த இடைவெளிக்குள் துளையில்லாத குழாய் போனால் நீரை இழுக்காது, எனவே அதை ஏற்றுக்கொள்வார்கள்.

புதியவர்களுக்கு என் ஆலோசனை: குழாய் பதிக்கும் ஒப்பந்தக்காரர்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாவட்டத்தில் கைவிரல் எண்ணிக்கையில்தான் இருப்பார்கள். அவர்கள் திட்டம் போடும்போதே 'இங்கே ஈஸ்மென்ட் இருக்கிறதா?' என்று கேட்கும்படி பழக்கிவிட்டால் பத்துக் கடிதங்களின் வேலை முடிந்தது. பதித்த குழாயைத் தோண்டி எடுக்கச் சொல்வது எல்லோருக்கும் வயிற்றெரிச்சல்.

இன்னொரு குழப்பம் அடிக்கடி வரும். 1985-ன் வேளாண் சட்டத்தில் 'ஸ்வாம்ப்பஸ்டர்' என்றொரு பிரிவு இருக்கிறது. ஈரநிலத்தை வடித்துப் பயிரிட்டால் வேளாண் துறையின் சலுகைகள் போய்விடும். அது வேறு துறை, வேறு வரைபடம், வேறு விதி. வேளாண் அலுவலகத்தில் 'சரி' என்று சொல்லிவிட்டார்கள் என்று ஒரு விவசாயி காகிதத்தை நீட்டினால் அவர் பொய் சொல்வதாக எண்ணாதீர்கள். அந்தச் 'சரி' ஈஸ்மென்டுக்குச் செல்லாது, அவ்வளவுதான். அவருக்கு அதைப் பொறுமையாக விளக்குவதும் உங்கள் வேலை.

சமையலறை மேசையில்

மீறல் உறுதியானால் முதலில் நோட்டீஸ் அனுப்பாமல் நேரில் போங்கள். வரைபடமும் படங்களும் கையில் இருக்கட்டும். குட்டையை எண்ணிட்டுக் காட்டுங்கள். 'உங்கள் நிலத்தில் மீறல்' என்று பொதுவாகச் சொல்லாமல், 'ஏழாம் எண் குட்டையின் தெற்குக் கரையில் இவ்வளவு ஆழம் வெட்டியிருக்கிறது, இவ்வளவு உயரத்துக்கு அடைக்க வேண்டும்' என்று சொல்லுங்கள். துல்லியம் கோபத்தைத் தணிக்கிறது.

அவர் சொல்லப்போவதும் ஏறக்குறைய தெரிந்ததே. தாத்தா வாங்கிய பணம் ஏக்கருக்கு அற்பம் என்பார், அது உண்மைதான். அந்தப் பள்ளத்தில் தண்ணீர் ஆண்டுக்கு ஆறு வாரம்கூட நிற்பதில்லை, அதில் என்ன வாத்து என்பார். இதற்குப் பதில் தெரியாமல் போகாதீர்கள். ஆழமில்லாத அந்தப் பள்ளம்தான் வசந்தத்தில் முதலில் உறைபனி விட்டுச் சூடேறுகிறது. புழு பூச்சிகள் அங்கேதான் முதலில் பெருகுகின்றன. முட்டையிடப் போகும் பெட்டைக்குப் புரதம் அங்கேதான் கிடைக்கிறது. வாத்து ஜோடிகள் மற்ற ஜோடிகளை அண்ட விடுவதில்லை, அதனால் பத்து ஏக்கர் குட்டை ஒன்றைவிட ஓர் ஏக்கர் குட்டைகள் பத்து இருந்தால் அதிக ஜோடிகள் தங்கும். குஞ்சு பொரித்தபின் தாய் அவற்றை ஆழமான குட்டைக்கு நடத்திச் செல்லும். இரண்டு வகையும் வேண்டும். ஊசிவால் வாத்து இதில் இன்னும் பாவம், அறுத்த தாளடியிலேயே சீக்கிரம் கூடு கட்டி, உழவில் முட்டையை இழக்கிறது. அதே இனம்தான் சைபீரியப் பக்கமிருந்து குளிர்காலத்தில் வேடந்தாங்கலுக்கும் வருகிறது.

தெரியாமல் செய்தவர், அண்டை வயல்காரர் செய்ததில் மாட்டிக்கொண்டவர், தெரிந்தே செய்தவர் மூவரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். முதல் இருவரிடம் ஒரு கெடுவும் உதவியும் போதும்.

பழைய நிலைக்குக் கொண்டுவருதல்

நோக்கம் தண்டனை அல்ல, நீர்மட்டம். வாய்க்காலை வழியும் உயரம் வரை மண் போட்டுக் கெட்டிப்படுத்த வேண்டும். மேலாக மண்ணைத் தள்ளி மூடினால் முதல் உருகுநீரிலேயே அரித்துக்கொண்டு போகும். தூர்த்த குட்டை என்றால் போட்ட மண்ணை வாரி எடுத்து, ஈஸ்மென்ட் குட்டை எதிலும் கொட்டாமல் மேட்டில் பரப்ப வேண்டும். குழாய் என்றால் இடைவெளிக்குள் இருக்கும் துளைக்குழாயை அகற்றவோ துளையில்லாத குழாயாக மாற்றவோ வேண்டும். என்ன வேலை, எந்த உயரம், எந்தத் தேதிக்குள் என்பதை எழுத்தில் கொடுங்கள். வேலை நடக்கும் நாளில் லெவல் கருவியோடு நீங்களும் அங்கே நில்லுங்கள். அரை அடி குறைத்துக் கட்டிய கரையை இரண்டாம் தடவை கட்டச் சொல்வதைவிட அது எளிது.

ஒத்துவராதவர்கள்

சிலர் மறுப்பார்கள். அப்போது கோப்பு துறையின் சட்ட அமலாக்க அதிகாரிக்கும், அங்கிருந்து கூட்டாட்சி வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் போகும். தெரிந்தே மீறினால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும், மற்றபடி 180 நாள் வரை என்கிறது வனவிலங்குப் புகலிடச் சட்டம். உரிமையியல் வழக்கில் குட்டையை மீட்டுத் தரச் சொல்லி உத்தரவும் வாங்கலாம். மாநிலச் சட்டத்தைக் காட்டித் தப்ப முடியுமா என்றால், கடினம். இப்படியோர் உரிமையை மாநிலச் சட்டம் ஏற்காவிட்டாலும் கூட்டாட்சி ஈஸ்மென்ட் செல்லும் என்று 1974-லேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஈஸ்மென்ட் காலத்தை 99 ஆண்டுகளுக்குள் அடக்கப் பார்த்த வடக்கு டகோட்டாவின் 1977-ம் ஆண்டுச் சட்டங்களை, ஆளுநர்கள் முன்பே ஒப்புதல் கொடுத்த ஈஸ்மென்ட்கள்மீது பிரயோகிக்க முடியாது என்று 1983-ல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

அறக்கட்டளைகளுக்கு இந்தப் பலம் கிடையாது. மாநில நீதிமன்றத்தில் சொந்தச் செலவில்தான் வாதாட வேண்டும். ஈஸ்மென்ட் வாங்கும்போதே வழக்குச் செலவுக்குத் தனி நிதி ஒதுக்காத அறக்கட்டளையில் வேலைக்குச் சேர்ந்திருந்தால் அதை முதல் கூட்டத்திலேயே எழுப்புங்கள். 2013 முதல் டெராஃபர்மா என்ற கூட்டுக் காப்பீடும் இருக்கிறது.

கோப்பை எப்போது மூடலாம்?

கரை கட்டிய அன்று அல்ல. அடுத்த வசந்தத்தில் பனி உருகியதும் ஒரு தடவை போய், நீர் பழைய உயரத்துக்கு நிற்கிறதா, அடைத்த இடத்தில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். வறண்ட வசந்தம் என்றால் கரையின் உயரத்தை மீண்டும் அளந்து குறித்துவிட்டு இன்னோர் ஆண்டு பொறுங்கள். சரியாக இருந்தால், வேலை முடிந்தது, நிலம் ஈஸ்மென்டுக்கு இணங்க இருக்கிறது என்று உரிமையாளருக்கு எழுத்தில் கொடுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. அந்தக் காகிதம் இல்லையென்றால் அவர் நிலத்தை விற்கும்போது பழைய மீறல் மறுபடி கிளம்பும். நகலைக் கோப்பில் வைத்து, அந்தக் குட்டையின் எண்ணை அடுத்த இலையுதிர் காலப் பறப்புப் பட்டியலில் சேருங்கள்.